பதினெட்டாம் தலம்

பத்து மணி நாற்பத்து மூன்றாம் நிமிடத்தில் அந்தத் திரை மூன்றாவது முறையாக நீலம் பூத்தது. நீலகண்டம் என்று அம்பலவாணனின் மனம் முதலில் கைகூப்பிற்று. நஞ்சின் நிறத்தைப் பாராட்டும் நேரமா இது என்று பிறகு அதுவே தன்னைக் கடிந்துகொண்டது. ஊருக்கு வெளியே இருந்த அந்தப் பாலிடெக்னிக்கின் கணினிக்கூடத்தில் நாற்பது கணினிகள் உறை போர்த்தி உறங்க, சன்னல் ஓரத்தில் ஒன்றே ஒன்று விழித்திருந்தது. விழித்தும் வேலைக்கு வர மனமில்லாமல், தன் உள்ளுறுப்புகளின் பட்டியலை வெள்ளை எழுத்தில் காட்டிக்கொண்டு நீலமாய் நின்றது. அதன் முன்னே சக்கர நாற்காலியில் அவருடைய மனைவியின் தங்கை உலகம்மை அமர்ந்திருந்தாள். அவள் மோவாய்க்குக் கீழே வளைந்த கம்பியொன்றின் நுனியில் ஒரு சிறு குச்சி. பதினோராண்டுகளாக இரு கைகளும் மடியிலேயே கிடக்கும் அவள், மோவாயால் அந்தக் குச்சியை அசைத்தால், சோப்பு டப்பா அளவேயான ஒரு பெட்டி அந்த அசைவை எழுத்தாக மாற்றிக் கணினிக்குள் அனுப்பும். பெட்டி அம்பலவாணன் செய்தது. ‘நான் ஒரு சாதாரண விசைப்பலகை, என்னை உள்ளே விடு’ என்று முன்பின் அறியாத கணினியிடம் சொல்லி நுழைந்துவிடுவதே அதன் தொழில். நாளைக் காலை பத்து மணிக்கு இதே கணினியில் உலகம்மை மொழிபெயர்ப்பாளர் வேலைக்கான தேர்வை எழுத வேண்டும். இன்று பத்தரை முதல் பதினொன்று வரை ஒத்திகை. அதற்குள் பெட்டி வேலை செய்தால் தேர்வு மேற்பார்வையாளர் எஸ்தர் ஞானதீபம் படிவத்தில் கையெழுத்திடுவார். இல்லையென்றால் உலகம்மை வாயால் சொல்ல, மையத்தார் அமர்த்தும் ஒருவர் எழுதுவார். மூன்றாண்டுகளுக்கு முன் அப்படித்தான் நடந்தது. எழுத வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், அவள் சொன்ன வாக்கியங்கள் மொட்டையாக இருப்பதாகக் கருதி, இரக்கத்தின் மிகுதியால் ஒவ்வொன்றுக்கும் எதுகை மோனை பூட்டி அலங்காரம் செய்தார். நீர்ப்பாசனத் துறையின் சுற்றறிக்கை ஒன்று பிள்ளைத்தமிழ்போல் ஆகிவிட்டது. உலகம்மை தேறவில்லை. இன்னொருத்தர் கையால் எழுதுவதற்கு எழுதாமலே இருந்துவிடலாம் என்று அன்று அவள் சொன்னதைக் கேட்டுத்தான், முப்பது ஆண்டு தொலைபேசி நிலையத்தில் ஒயர்களோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற அம்பலவாணன் மறுபடியும் பற்றவைக்கும் கோலைக் கையில் எடுத்தார்.

“சார், பதினேழு நிமிஷம் இருக்கு” என்றார் எஸ்தர் ஞானதீபம். குரலில் கடுமை இல்லை. கடிகாரம் மட்டும் இருந்தது. பதினேழு. அந்த எண்ணில் அம்பலவாணனின் மனம் ஆடையில் முள் தைத்ததுபோல் மாட்டிக்கொண்டது, ஏனெனில் இதுவரை பெட்டி சென்று வென்ற கணினிகளும் பதினேழுதான். கணினிகள் எல்லாம் ஒன்றுபோல் என்று நினைப்பவன் மனிதர் எல்லாம் ஒன்றுபோல் என்று நினைப்பவனைவிடப் பேதை. தேர்வு மையத்தில் எந்தக் கணினி வாய்க்குமோ தெரியாதாகையால், ஊரில் உள்ள கணினிகளிடமெல்லாம் பெட்டியை அழைத்துப்போய்ப் பழக்க வேண்டும் என்று நான்கு மாதங்களுக்கு முன் அவர் தீர்மானித்தார். அதைத் தலயாத்திரை என்றே தமக்குள் சொல்லிக்கொண்டார்; நோட்டுப் புத்தகம் ஒன்றில் தலத்தின் பெயர், அங்கு எழுந்தருளியிருக்கும் கணினியின் சுபாவம், அது வேண்டும் காணிக்கை என்று பத்தி பத்தியாக எழுதியும் வைத்தார். முதல் தலம் அவர் வீட்டுக் கணினி. வந்தவரையெல்லாம் ஏற்கும் எளிவந்த பிரான். மூன்றாம் தலம் கூட்டுறவுச் சங்கத்துக் கணினி. எனக்கு ஐந்நூறு மில்லி ஆம்பியர் மின்சாரம் வேண்டும் என்று பெட்டி வாசலில் நின்று சொன்ன மாத்திரத்தில் கதவை அடைத்துவிட்டது. அடியேனுக்கு நூறு போதும் என்று சொல்லக் கற்றுக்கொடுத்தபின்தான் திறந்தது. ஆறாம் தலம் மைத்துனர் மகனுடைய, கடித்த பழம் பொறித்த மடிக்கணினி. அது பெட்டியைப் பார்த்து, உன் இடது ஷிஃப்டுக்கு வலப்பக்கம் இருக்கும் விசையை அழுத்திக் காட்டு என்று கேட்டது. இடம் வலம் ஏதுமில்லாத, விசையே இல்லாத ஒரு பெட்டியிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால் அது என்ன செய்யும்? நிர்க்குணத்திடம் குலங்கோத்திரம் கேட்பதுபோல அல்லவா என்று அம்பலவாணன் மூன்று நாள் வியந்துவிட்டு, நான்காம் நாள் பெட்டிக்கு ஒரு குலமும் கோத்திரமும் எழுதிச் சேர்த்தார். பன்னிரண்டாம் தலத்தில் இன்னொரு சங்கடம். பெரிய எழுத்து விசைக்கான விளக்கை ஏற்று என்று அந்தக் கணினி ஆணையிட்டது; விளக்கே இல்லாத பெட்டி பேசாமல் நிற்க, அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஏற்றிவிட்டேன் என்று சும்மா பதில் சொன்னால் போதும் என்று நூல்களில் போட்டிருந்தது. அப்படியே செய்தார், வேலை நடந்தது. ஆனால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஏற்றாத விளக்கை ஏற்றினேன் என்று ஒரு பெட்டியைப் பொய் சொல்லவைத்த பாவம் யாரைச் சேரும்? மறுநாள் குளித்ததும் முதல் வேலையாக, கடுகு அளவு பச்சை விளக்கு ஒன்றைப் பெட்டியில் பற்றவைத்தார். இப்போதும் அது எரிந்துகொண்டிருந்தது, நீலத் திரையின் முன்னால், சத்தியமாக.

அந்தச் சத்தியம் ஏன் இந்தப் பதினெட்டாம் தலத்தில் எடுபடவில்லை? கால் சில்லிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்; காலுறையில் வலது பெருவிரலுக்கு நேரே ஓட்டை; எஸ்தர் மேடத்தின் பார்வை அங்கே போகுமோ என்று அவர் இடது பாதத்தை வலது பாதத்தின்மேல் வைத்துக்கொண்டு குழலூதும் கண்ணன்போல் நின்றார். சைவன் நின்ற கோலமா இது? மின்சாரம் போதவில்லையா? இல்லை, விளக்கு எரிகிறது. கணினி கேள்வி கேட்கும் முன்னரே பெட்டி பேசிவிட்டதா? காத்திருக்கத்தான் கற்பித்திருக்கிறதே; பதினோராம் தலமாகிய மருந்துக்கடையில் அந்தப் பாடம் படித்தாயிற்று, அங்கே இரண்டு விநாடி, இங்கே நான்கு வைத்தாயிற்று. பழங்கணினிகள் புதுப்பாஷை அறியாதவை, எட்டே அறைகள் உள்ள பழைய ஓலை வடிவில்தான் செய்தி அனுப்ப வேண்டும் என்பார்கள், அதையும்தான் செய்தாயிற்று. முதல்முறை நீலமானபோது ஒயரைக் குற்றம் சொன்னார், ஒயரை மாற்றினார். இரண்டாம் முறை துளையைக் குற்றம் சொன்னார், பின்பக்கத் துளைக்கு மாறினார். மூன்றாம் முறைக்குக் குற்றம் சொல்ல எஸ்தர் மேடமும் தாமும்தான் மிச்சம். காலையில் உப்புமா சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று மனைவி கோமதி சொன்னதைக் கேட்காமல் வெறும் வயிற்றோடு வந்தது காரணமாயிருக்குமோ? பெட்டிக்கும் உப்புமாவுக்கும் என்ன தொடர்பு என்று அறிவு கேட்டது. பிரபஞ்சத்தில் எதற்கும் எதற்கும்தான் என்ன தொடர்பு என்று பயம் திருப்பிக் கேட்டது. மையத்தின் விதி ஒன்றுதான் இதுவரை எந்தத் தலத்திலும் இல்லாதது. வெளியிலிருந்து கொண்டுவரும் எந்தக் கருவியையும் கணினி அணைந்திருக்கும்போதே பொருத்த வேண்டும். பிறகுதான் கணினியைத் துயிலெழுப்ப வேண்டும். பதினேழு தலங்களிலும் பெட்டி சென்றபோது மூர்த்தி விழித்திருந்தார். இங்கே மட்டும் நடைதிறக்கும் முன்பே கர்ப்பக்கிருகத்துக்குள் போய் நிற்கிறது. அதனால் என்ன? விசைப்பலகைகள் எல்லாம் அப்படித்தானே நிற்கின்றன? அவை என்ன செய்கின்றன? அழைக்கும்வரை வாய் திறவாமல் நிற்கின்றன. பெட்டியும் அப்படித்தானே நிற்கிறது. தானாக அது ஒரு வார்த்தை… இந்த இடத்துக்கு வந்ததும் நினைவு, கோயில் யானை வாழைக்குலையைக் கண்டதுபோல் வழியை விட்டு விலகி, ஒன்பதாம் தலமாகிய ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டது.

அங்கே நடந்தது ஓர் அற்புதம். எந்தக் காரியத்தையும் பிள்ளையார் சுழி போடாமல் அம்பலவாணன் தொடங்கியதில்லை. மளிகைச் சீட்டிலும் போடுவார். பெட்டிக்கான நிரலை எழுத உட்கார்ந்தபோதும் அப்படியே. ஆனால் தாளில் போடும் சுழி தாளோடு போயிற்று. பெட்டி தன் வாழ்நாள் முழுதும் புதிய புதிய வாசல்களில் நுழையப்போகிறதே, ஒவ்வொரு வாசலிலும் அதுவே போட்டுக்கொள்ளட்டும் என்று, எந்தக் கணினி ஏற்றுக்கொண்டாலும் அடுத்த கணம் ஓர் உகரத்தைச் சமர்ப்பிக்கும்படி முதல் வரியிலேயே எழுதிவைத்தார். விசைகளின் கணக்கில் அதற்கு ஏழாம் எண். பெட்டி ஏழு என்று மட்டும்தான் சொல்லும், தமிழ் அறிந்த கணினி அதை உகரமாகக் கொள்ளும், ஆங்கிலம் மட்டும் அறிந்தது தனக்குத் தெரிந்த எழுத்தாகக் கொள்ளும், அவரவர் பக்குவம். ஜெராக்ஸ் கடையில், அழுத்திய விசையை விட்டுவிட்டேன் என்று சொல்ல பெட்டி மறந்துபோய், அந்த உகரம் நாற்பத்தேழு பக்கங்களுக்குப் பெருகி ஓடிற்று. “சார்வாள், கடை திறந்து பன்னெண்டு வருஷத்துல இப்பிடி ஒரு லட்சார்ச்சனை நடந்ததில்ல” என்று கடைக்காரர் கும்பிட்டார். கிண்டலா பக்தியா என்று இன்றுவரை தெளிவில்லை. விசையை விட்டதைச் சொல்லக் கற்றுக்கொடுத்தபின் உகரம் ஒன்றோடு நின்றது. அதை அம்பலவாணன் நோட்டில் குறிக்கவில்லை. நோட்டில் குறிப்பது பெட்டியின் செயல்களை. அது செயலன்று, வழிபாடு. ஆகவே குற்றம் தேடிய கண் இன்று காலையிலிருந்து நிரலின் இரண்டாம் வரியிலிருந்தே தேடிக்கொண்டிருந்தது.

“என்ன அத்தான், மறுபடியும் போட்டுப் பாக்குதியளா, இல்ல இப்பிடியே நின்னு அதுக்கு தரிசனம் குடுக்கப் போறியளா?” என்றாள் உலகம்மை.

“பொறு உலகு. யோசிக்கேன்.”

“யோசிக்கதுக்குக் கண்ணை மூட வேண்டாம். மூணு தடவையும் ஆன் பண்ணுத நேரத்துல கண்ணை மூடிட்டு நிக்கிய.”

உண்மைதான். கணினியின் பொத்தானை எஸ்தர் மேடம் அழுத்தும்போதெல்லாம் அவர் இமைகள் தாமாக இணைந்து, உதடுகள் தாமாக அசைந்து, திறக்கும்போது எதிரே நீலம் நின்றது. தீபாராதனையின்போது கண்ணை மூடிக்கொள்ளும் பக்தனைப்போல், காட்ட வேண்டியதைக் காட்டும் அந்த ஒரு நொடியில் அவர் பார்க்கவில்லை. “நான் மூடல” என்று உலகம்மை தொடர்ந்தாள். “நீலம் வரதுக்கு முன்ன கறுப்புல ஒரு வரி வருது. அமைப்பை மாத்தணும்னா ஏதாச்சும் ஒரு விசையைத் தட்டுன்னு. வந்த உடனே போயிருது. யாரோ தட்டுதாங்க, அத்தான். அதான் இந்த நீலப் பக்கம் தெறக்குது.”

“யார் தட்டுவா? நீ குச்சியை அசைச்சியா?”

“நான் ஏன் அசைக்கேன்? உங்க பிள்ளையார்தான் தட்டுதார்.”

எஸ்தர் ஞானதீபம் படிவத்திலிருந்து தலை நிமிர்ந்தார். உனக்கு எப்படித் தெரியும் என்று அம்பலவாணன் கேட்டார். உலகம்மை திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “நாலு மாசமா தெனமும் காலைல நான் அவரை அழிச்சிட்டுத்தான வேலையே ஆரம்பிக்கேன். பெட்டியைச் சொருகுனதும் ஒரு ‘உ’ வந்து குந்திக்கிடும். மோவாயால ஒரு தட்டு, அழிஞ்சிரும். பாஸ்வேர்டு கேக்குத எடத்துல வந்தா அங்கயும் ஒரு தட்டு. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல.” நாலு மாதம். நூற்றிருபது காலை. நூற்றிருபது முறை இவள் விநாயகரை மோவாயால் இடித்து வெளியேற்றியிருக்கிறாள். ஒரு தீங்கும் வரவில்லை. அது மட்டுமா, மாதிரித் தேர்வுகளில் எண்பதுக்குக் கீழே அவள் எடுத்ததும் இல்லை. இதில் எதை நினைத்து முதலில் வருந்துவது என்று அம்பலவாணனின் மனத்துக்குத் தெரியவில்லை. விக்கினம் தீர்ப்பவரே விக்கினமாக வந்து வாசலில் அமர்ந்திருக்கிறார். அல்ல, அவர் வரவில்லை. இவர்தான் தூக்கிக்கொண்டுவந்து, நடைதிறக்கும் நேரத்தில், உள்ளே போகிறவர் தடுக்கி விழும்படி நிலைப்படியில் வைத்திருக்கிறார். தட்டச் சொன்ன இடத்தில் தட்டிய தெய்வத்தின்மேல் என்ன குற்றம்?

“பதினொரு நிமிஷம் இருக்கு, சார்.”

பையில் மடிக்கணினி இருந்தது. முதல் வரியை எடுத்துவிட்டு நிரலைப் பெட்டிக்குள் மறுபடி ஏற்ற ஒன்றரை நிமிடம் போதும். விரல்கள் பையின் ஜிப்பை இழுத்தன. மனம் அதைத் திரும்ப மூடிற்று. தேர்வுக்கு முந்தைய நாள் பிள்ளையாரை எடுப்பதா? வீடு மாறும்போதுகூட அவரைத்தான் முதலில் கொண்டுபோவார்கள், கடைசியில் வைத்துவிட்டுப் போக மாட்டார்கள். முதன்முதலில் செய்த பெட்டி புகைந்து கருகிய நாளில், இனி நீயே முன்னால் போ அப்பா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது யார்? எடுக்காமல், சற்றுத் தள்ளிவைத்தால் என்ன? கணினி எழுந்து முடிக்க ஒரு நிமிடம் ஆகும். சுழியை இரண்டு நிமிடம் தாமதமாக அனுப்பினால் கறுப்புத் திரையும் கடந்துபோகும், வழிபாடும் நின்றுபோகாது. இந்த உபாயம் தோன்றியதும் அவருக்குத் தம்மேலேயே ஒரு மதிப்பு உண்டாயிற்று. மடிக்கணினியைத் திறந்தபடி அதை வாய்விட்டுச் சொன்னார்.

“நல்லாருக்கே” என்றாள் உலகம்மை. “அப்போ அது எங்க போயி விழும்? என் விடையோட முதல் எழுத்தா விழும். மேடம், நுழைவுச் சீட்டுல பதினோராவது விதி என்னன்னு எங்க அத்தானுக்குக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்.”

எஸ்தர் ஞானதீபம் வாசிக்கவில்லை, மனப்பாடமாகவே சொன்னார். “விடைப்பகுதியில் சமயக் குறியோ, வாழ்த்தோ, ஆளை அடையாளம் காட்டும் எதுவுமோ இருந்தால் விடைத்தாள் செல்லாது. போன வருஷம்கூட இதுல ரெண்டு பேர் போயிட்டாங்க, சார். ஒருத்தர் உங்க ஆளு, ஒருத்தர் எங்க ஆளு.”

அம்பலவாணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். காலுறை ஓட்டை எல்லோருக்கும் தெரிந்தது, தெரியட்டும். பெட்டி இங்கும் தடையின்றி வேலை செய்திருந்தால், நாளை பத்து மணிக்கு அவளுடைய மூன்றாண்டு உழைப்பின் தலைமேல் அவருடைய பக்தி போய் உட்கார்ந்து அதைச் செல்லாததாக்கியிருக்கும். அவள் மோவாய் ஒன்றே குறுக்கே நின்றிருக்கும். அந்த ஆசிரியர் எதுகை பூட்டினார். நாம் என்ன பூட்டினோம்? அவள் கேட்காத ஓர் எழுத்தை அவள் பெயரால் நாளும் எழுதிவந்தோம். இன்னொருத்தர் கையால் எழுத மாட்டேன் என்றவளுக்கு, தம் கையை உள்ளே ஒளித்துவைத்த பெட்டியையல்லவா செய்து கொடுத்திருக்கிறோம்! இந்த எண்ணம் அவரைக் குட்டியதுபோல் எந்தக் கோயிலிலும் அவர் தம்மைக் குட்டிக்கொண்டதில்லை. முதல் வரியின்மேல் சுட்டியை வைத்தார். எதைத்தான் அனுப்புவது? ஒன்றுமே அனுப்பாமல் நுழைவதா? அப்போது எட்டு அறைகள் நினைவுக்கு வந்தன. விசை எதுவும் அழுத்தப்படாதபோது பெட்டி அனுப்பும் வெறும் ஓலை. எட்டு அறையும் காலி. அடியேன் இருக்கிறேன், எதையும் அழுத்தவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். எந்தக் கணினியும் அதைக் குற்றமாகக் கொள்ளாது. எந்தத் திரையிலும் அது தோன்றாது. எந்த விதியும் அதைப் படிக்க முடியாது. ஏழு என்ற எண்ணை அழித்து அங்கே ஒன்றுமில்லாமையை எழுதினார். பிறகு, நிரலின் உச்சியில், மனிதர் படிப்பதற்கென்று விடப்படும் குறிப்பு வரியில், பெட்டிக்குள் ஒருபோதும் ஏறாத அந்த இடத்தில், ஒற்றை உகரத்தை வைத்தார். அது அவருடைய நிரல். அங்கே வைக்க அவருக்கு உரிமை உண்டு. விடை அவளுடையது.

“நாலு நிமிஷம்” என்றார் எஸ்தர் ஞானதீபம்; ஆனால் பொத்தானருகே ஏற்கெனவே போய் நின்றிருந்தார்.

“கண்ணைத் திறந்து வைங்க, அத்தான்” என்றாள் உலகம்மை.

திறந்தே வைத்தார். திரை கறுத்தது. அந்த வரி வந்தது; உண்மையாகவே வந்தது, வெள்ளை எழுத்தில், ஒரு கொட்டாவியின் நேரம் நின்றது. ஏதாச்சும் ஒரு விசையைத் தட்டு. யாரும் தட்டவில்லை. பெட்டியின் பச்சை விளக்கு மட்டும், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மெய்யாகவே பதில் சொல்லிக்கொண்டு, உள்ளேயிருப்பதை வெளியே சொல்லாமல் எரிந்தது. வரி மறைந்தது. நீலம் வரவில்லை. ஒரு சக்கரம் சுழன்றது, சுழன்றது, இந்தப் பிறவியில் நிற்காது என்று அம்பலவாணன் முடிவுகட்டிய வேளையில் நின்று, தேர்வு மென்பொருளின் வெண்பக்கம் கோடு ஒன்று துடிதுடிக்க விரிந்தது. மாதிரி வாக்கியம் ஒன்றைத் தட்டச்சு செய்து காட்டும்படி எஸ்தர் ஞானதீபம் சொன்னார். உலகம்மை மோவாயைத் தாழ்த்தினாள். நூற்றிருபது காலையின் பழக்கம்; அவளையறியாமல் முதல் தட்டு அழிக்கும் விசையின்மேலேயே விழுந்தது. அழிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. அதைச் சொல்லக் கணினி டிங் என்று ஒருமுறை ஒலித்தது.

உலகம்மை சிரித்துவிட்டாள், குச்சி குலுங்கிற்று. அம்பலவாணனுக்கு அது மணியோசையாகவே கேட்டது. வெறுமையான கருவறையில் யாரோ ஒருமுறை மணியை அசைத்துவிட்டு நகர்ந்ததுபோல. அவர் கைகள் இரண்டும் அவரைக் கேளாமல் எழுந்து, முட்டி மடக்கி, நெற்றியின் இரு பக்கமும் மெல்ல மூன்றுமுறை குட்டிக்கொண்டன. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக, அவளுடைய வேகத்தில், அவளுடைய வரிசையில் ஊர்ந்தன: எனக்கு எதுகை வேண்டாம். எஸ்தர் ஞானதீபம் அதைப் படித்துவிட்டு, படிவத்தை நேராக வைத்து, பேனாவின் முனையால் மேல்மூலையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சிறு சிலுவையை இட்டு, கீழே கையெழுத்தைப் போட்டார். நிமிர்ந்தவர் அம்பலவாணனின் கைகளைப் பார்த்தார்.

“தலைவலியா, சார்?”

“ஆமா, மேடம்” என்றார் அம்பலவாணன். “நாலு மாசமா அவளுக்கு இருந்திருக்கு. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது.”